ஆமைச் செய்நிரலாக்கத்தில் பொருட்களை உருவாக்கலும் ஒத்திசையா ஆக்கிகளும்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் - மேலதிகக் கற்றல்

இப்பகுதியைக் கற்ற பின்னர் நீங்கள்,
- வகுப்பு, பொருள், ஆக்கி ஆகியவற்றை வேறுபடுத்தி விளக்குவீர்கள்.
- ஒத்திசைந்த செயற்பாட்டையும் ஒத்திசையாச் செயற்பாட்டையும் இனங்காண்பீர்கள்.
- ஒரு பொருள் பயன்பாட்டிற்குத் தயாராகும் முன் அதனைப் பயன்படுத்துவதால் ஏற்படும் வழுவைக் கண்டறிந்து திருத்துவீர்கள்.

தொடர், தெரிவு, மீள்செய்கை ஆகிய மூன்று கட்டுப்பாட்டுக் கட்டமைப்புகளையும் நீங்கள் ஏற்கனவே கற்றுள்ளீர்கள். இவற்றுள் "தொடர்" மிக எளிதானது என்றே பலரும் எண்ணுவர். முதலாம் வரி முடிந்த பின் இரண்டாம் வரி, அது முடிந்த பின் மூன்றாம் வரி. ஆனால் ஒரு வரி "முடிந்தது" என்பதன் பொருள் என்ன? இவ்வினாவே இப்பாடத்தின் மையமாகும்.

1. ஆமை என்பது யாது?

லோகோ என்னும் செய்நிரல் மொழி 1967 இல் ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரில் உருவாக்கப்பட்டது. வொலி ஃபோயர்சைக், சீமோர் பப்பேர்ட், சிந்தியா சொலமன் ஆகியோர் இதன் உருவாக்கத்தில் முதன்மையானவர்கள். பிள்ளைகள் கணினிக்குக் கட்டளையிட்டுக் கணிதம் கற்க வேண்டும் என்பதே அவர்களது நோக்கமாகும். பின்னர் இம்மொழியுடன் ஆமை இணைக்கப்பட்டது. அது பேனா பொருத்தப்பட்டு, நிலத்தில் விரித்த தாளின் மேல் ஊர்ந்து கோடு வரையும் ஒரு சிறிய ரோபோவாகும். அதே ஆமை பிற்காலத்தில் கணினித் திரையிலும் இடம்பெற்றது.

ஆமைக்கு இரு பண்புகள் முக்கியமானவை. ஒன்று அது நிற்கும் இடம், மற்றையது அது நோக்கும் திசை. லோகோவில் ஆமை தொடக்கத்தில் திரையின் நடுவில் மேல்நோக்கி நிற்கும். சதுரம் ஒன்றை வரைவதற்கான போலிக்குறி வருமாறு:

மீளச்செய் 4 தடவை
   முன் 100
   வலது 90
முடிவு

சமபக்க முக்கோணி வரையும்போது திருப்ப வேண்டிய கோணம் 60 பாகை எனப் பலர் எழுதுவர். அது தவறு. ஆமை திரும்புவது புறக்கோணத்தின் அளவாகும். ஆகவே 360 ÷ 3 = 120 பாகை என எழுத வேண்டும். ஒழுங்கான பல்கோணி எதற்கும் திருப்பற் கோணம் 360 ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுக்க வருவதாகும்.

2. வகுப்பு, பொருள், ஆக்கி

திரையில் ஓர் ஆமை மாத்திரம் இருக்கும்போது "முன் 100" என்பது போதுமானது. பல ஆமைகள் இருந்தால் எந்த ஆமை முன்செல்ல வேண்டும் எனக் குறிப்பிட வேண்டும். இதற்காகவே பொருட்களை உருவாக்குகிறோம்.

வகுப்பு: ஒரே வகையான பொருட்களின் பண்புகளையும் செயல்களையும் விவரிக்கும் மாதிரி.
பொருள்: அம்மாதிரியிலிருந்து நினைவகத்தில் உருவாக்கப்படும் தனியொன்று.
ஆக்கி: பொருள் உருவாகும் கணத்தில் தானாக இயங்கி, அதன் பண்புகளுக்குத் தொடக்கப் பெறுமானங்களை வழங்கும் துணைச் செய்நிரல்.

உதாரணம்:

ஆமை1 = புதிய ஆமை("சிவப்பு")
ஆமை2 = புதிய ஆமை("நீலம்")
ஆமை1.முன்(100)
ஆமை2.முன்(50)

முதல் இரு வரிகளிலும் ஆக்கி இருமுறை இயங்குகிறது. வகுப்பு ஒன்று, பொருட்கள் இரண்டு. ஆமை1 முன்செல்வதால் ஆமை2 இன் இடம் மாறாது என்பதைக் கவனிக்க.

3. ஒத்திசைந்ததும் ஒத்திசையாததும்

ஒத்திசைந்த செயற்பாடு: ஒரு கட்டளையின் வேலை முழுவதும் முடிந்த பின்னரே அடுத்த கட்டளைக்குச் செல்லல்.
ஒத்திசையாச் செயற்பாடு: வேலையைத் தொடக்கிவிட்டு, அது முடியும்வரை காத்திராது அடுத்த கட்டளைக்குச் செல்லல்.

பைதன் மொழியுடன் வரும் ஆமை நூலகத்தில் "முன்செல்" என்னும் கட்டளையை இட்டால், ஆமை அவ்விடத்தை அடைந்த பின்னரே அடுத்த வரி இயங்கும். இது ஒத்திசைந்த முறையாகும். இணைய உலாவியில் இயங்கும் பென்சில் கோட் என்னும் ஆமைச் சூழலிலோ, ஒவ்வோர் ஆமைக்கும் தனியான கட்டளை வரிசை ஒன்று உண்டு. "முன்செல்" என்றவுடன் அக்கட்டளை அந்த ஆமையின் வரிசையில் சேரும். செய்நிரல் அடுத்த வரிக்குச் சென்றுவிடும். ஆகவே இரு ஆமைகள் ஒரே நேரத்தில் ஊர்ந்து செல்ல முடியும்.

உதாரணம்: ஒவ்வொரு கட்டளைக்கும் 1 செக்கன் தேவை எனக் கொள்க. சிவப்பு ஆமைக்கு 3 கட்டளைகளும் நீல ஆமைக்கு 2 கட்டளைகளும் இடப்படுகின்றன.
ஒத்திசைந்த முறையில் மொத்த நேரம் = 3 + 2 = 5 செக்கன்
தனித்தனி வரிசை முறையில் மொத்த நேரம் = 3 செக்கன் (நீளமான வரிசையின் நேரம்)

நேரம் மிச்சமாகிறது. ஆயினும் ஒரு விலை உண்டு. கட்டளைகள் வரிசையில் நிலுவையாக இருக்கும்போது "ஆமை எங்கே நிற்கிறது?" எனக் கேட்டால் கிடைப்பது அது சென்றடையப் போகும் இடமன்று.

4. ஆக்கி ஒத்திசையாததாக இருந்தால்?

தீபாவளிக்குச் சட்டை தைப்பதற்குத் தையற்கடையில் துணி கொடுக்கிறீர்கள். கடைக்காரர் உடனே ஒரு பற்றுச்சீட்டைத் தருகிறார். சீட்டு உங்கள் கையில் உண்டு, சட்டை இன்னும் இல்லை. சீட்டைக் காட்டிச் சட்டையைப் பெறலாமேயன்றிச் சீட்டை உடுத்த முடியாது.

ஒத்திசையா ஆக்கியும் இத்தகையதே. ஆமைக்கு யானைப் படம் ஒன்றை அணிவிக்க வேண்டும் எனக் கொள்வோம். படம் வலையமைப்பினூடாகச் சேவையகத்திலிருந்து வரவேண்டும். ஆக்கி படத்தை வேண்டிவிட்டு உடனடியாகப் பொருளைத் திருப்பித் தருகிறது. பொருள் உண்டு, ஆனால் அதன் படம் இன்னும் வரவில்லை. இணைய உலாவியில் புதிய படப்பொருள் ஒன்றை உருவாக்கி அதற்கு முகவரி கொடுத்தாலும் இதுவே நிகழும். படம் வந்து சேரும்வரை அதன் இயல்பான அகலம் 0 ஆகவே இருக்கும்.

வகுப்பு படஆமை
   ஆக்கி(படப்பெயர்)
      இதன்.அகலம் = 0
      இதன்.படத்தை_ஏற்று(படப்பெயர்)
   முடிவு
முடிவு

இங்கு "படத்தை_ஏற்று" என்பது ஒத்திசையாச் செயல். படம் வந்து சேர்ந்ததும் அது அகலத்திற்கு உரிய பெறுமானத்தை இடும். இப்போது பின்வரும் செய்நிரலை நோக்குக. யானைப் படத்தின் அகலம் 60 பிக்சல், அது வந்து சேர 400 மில்லிசெக்கன் தேவை. ஒவ்வொரு வரியும் 1 மில்லிசெக்கனில் இயங்கும் எனக் கொள்க.

வரி 1: க = புதிய படஆமை("யானை")
வரி 2: ப = க.அகலம்
வரி 3: க.முன்(ப × 2)
வரி 4: க.வலது(90)
வரி 5: க.முன்(ப)

பெறுமான அட்டவணை:

நேரம் (மி.செ.) | நிகழ்வது | க.அகலம் | ப
0 | பொருள் உருவாகிறது, படம் வேண்டப்படுகிறது | 0 | -
1 | வரி 2 | 0 | 0
2 | வரி 3: 0 தூரம் முன்செல்லல் | 0 | 0
3 | வரி 4: வலப்பக்கம் திரும்பல் | 0 | 0
4 | வரி 5: 0 தூரம் முன்செல்லல் | 0 | 0
400 | படம் வந்து சேர்கிறது | 60 | 0

நாம் எதிர்பார்த்த இறுதி இடம் (60, 120). கிடைத்ததோ (0, 0). ஆமை நின்ற இடத்திலேயே திரும்பியது, வேறெதுவும் நிகழவில்லை.

அட்டவணையின் கடைசி வரியை மீண்டும் பார்க்க. அகலம் 60 ஆக மாறிய பின்னரும் ப இன் பெறுமானம் 0 ஆகவே உள்ளது. ஏனெனில் வரி 2 இல் ப இற்கு வழங்கப்பட்டது அக்கணத்தில் இருந்த பெறுமானத்தின் பிரதியாகும். பின்னர் க.அகலம் மாறினாலும் ப தானாக மாறாது. பெரும்பாலானோர் புள்ளிகளை இழக்கும் இடம் இதுவே.

5. இவ்வழு ஏன் ஆபத்தானது?

(அ) பிழைச் செய்தி தோன்றாது. 0 என்பது செல்லுபடியான எண். ஆகவே கணினி முறையிடாது. இது தொடரியல் வழுவன்று, தருக்க வழுவாகும்.

(ஆ) சில வேளை சரியாகவும் இயங்கும். ஒருமுறை வந்த படத்தை உலாவி தனது கணினியிலேயே சேமித்து வைப்பதுண்டு. இரண்டாம் முறை படம் மிக விரைவாகக் கிடைக்கலாம். ஆகையால் நீங்கள் பலமுறை பரிசோதித்த கணினியில் ஒழுங்காக இயங்கிய செய்நிரல், மதிப்பீட்டின்போது வேறொரு கணினியில் முதன்முறையாக இயக்கப்படுகையில் தவறலாம்.

(இ) விடையை வலையமைப்பு தீர்மானிக்கும். மூன்று ஆமைகளுக்கிடையே ஓட்டப்போட்டி வைக்கிறீர்கள் என்க. ஒவ்வோர் ஆமையும் தனது படம் வந்தவுடன் ஓடத் தொடங்கினால், சிறிய படம் கொண்ட ஆமை முந்திப் புறப்படும். அப்போட்டி ஆமையின் வேகத்தை அளப்பதில்லை, படம் வந்து சேர்ந்த வேகத்தையே அளக்கிறது.

6. திருத்தும் முறைகள்

முறை 1: குறித்த நேரம் காத்திருத்தல்
"500 மில்லிசெக்கன் காத்திரு" என ஒரு வரியைச் சேர்த்தல். இது எளிது, ஆனால் பொருத்தமற்றது. படம் 600 மில்லிசெக்கனில் வந்தால் வழு மீண்டும் தோன்றும். 50 மில்லிசெக்கனில் வந்தால் 450 மில்லிசெக்கன் வீணாகும்.

முறை 2: வந்ததும் செய்ய வேண்டியதைச் சொல்லிவைத்தல்

க = புதிய படஆமை("யானை")
க.வந்ததும்
   ப = க.அகலம்
   க.முன்(ப × 2)
   க.வலது(90)
   க.முன்(ப)
முடிவு
எழுது "முடிந்தது"

படம் வந்தது என்னும் நிகழ்வு ஏற்பட்ட பின்னரே உள்வரிகள் இயங்கும். விடை சரி. ஆயினும் "முடிந்தது" என்னும் சொல் எப்போது தோன்றும்? அது ஆமை அசையும் முன்பே தோன்றிவிடும். ஏனெனில் "வந்ததும்" என்பது சொல்லிவைக்கும் கட்டளையேயன்றிக் காத்திருக்கும் கட்டளையன்று. தாளில் கீழே எழுதப்பட்டது காலத்தில் முந்தி நிகழ்கிறது. இதனைப் பரீட்சையில் கவனமாக வாசிக்க வேண்டும்.

முறை 3: வாக்குறுதியும் காத்திரு கட்டளையும்
வாக்குறுதி என்பது பிற்பாடு கிடைக்கவுள்ள பெறுமானத்திற்கான பற்றுச்சீட்டு ஆகும். அதற்கு மூன்று நிலைகள் உண்டு.
- நிலுவை: வேலை இன்னும் முடியவில்லை.
- நிறைவேறியது: பெறுமானம் கிடைத்துவிட்டது.
- நிராகரிக்கப்பட்டது: வேலை தவறிவிட்டது (உதாரணம்: படம் சேவையகத்தில் இல்லை).
நிலுவையிலிருந்து மற்றைய இரண்டில் ஒன்றுக்கு ஒருமுறை மாறினால் பின்னர் மாறாது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் நியமத்தில் வாக்குறுதிகள் 2015 இலும், காத்திரு வகைக் கட்டளை 2017 இலும் சேர்க்கப்பட்டன.

அப்படியாயின் ஆக்கியின் உள்ளேயே "காத்திரு" எனக் கட்டளையிடலாமே எனக் கேட்பீர்கள். அது முடியாது. காரணம் எளியது. "புதிய" எனக் கட்டளையிட்டால் கிடைக்க வேண்டியது பொருள். ஒத்திசையாச் சார்பை அழைத்தால் கிடைப்பது வாக்குறுதி. ஒரே அழைப்பு இரண்டையும் தர இயலாது. எனவே ஜாவாஸ்கிரிப்ட் மொழி ஆக்கியை ஒத்திசையாததாக அறிவிக்க அனுமதிப்பதில்லை. பைதன் மொழியிலும் தொடக்கப் பெறுமானம் வழங்கும் துணைச் செய்நிரல் எதனையும் திருப்பித் தரக்கூடாது.

இதற்குத் தீர்வாக வேலையை இரண்டாகப் பிரிக்கிறோம். உடனே செய்யக்கூடியதை மட்டும் ஆக்கி செய்யும். காலம் எடுப்பதை ஒரு தனிச் சார்பு செய்யும். இச்சார்பு தொழிற்சாலைச் சார்பு எனப்படும்.

வகுப்பு படஆமை
   ஆக்கி()
      இதன்.அகலம் = 0
   முடிவு
முடிவு

ஒத்திசையாச் சார்பு ஆமையை_ஆக்கு(படப்பெயர்)
   க = புதிய படஆமை()
   காத்திரு க.படத்தை_ஏற்று(படப்பெயர்)
   திருப்பு க
முடிவு

பயன்படுத்தும் விதம்:

க = காத்திரு ஆமையை_ஆக்கு("யானை")
ப = க.அகலம்
க.முன்(ப × 2)

இப்போது முதலாம் வரி முடியும்போது க முழுமையான ஆமை. ப இன் பெறுமானம் 60. படம் எவ்வளவு தாமதித்தாலும் இது மாறாது. தொழிற்சாலைச் சார்பிலிருந்து வெளிவரும் ஆமை எப்போதும் தயாரான ஆமையாகவே இருக்கும் என்பதே இம்முறையின் சிறப்பாகும்.

கவனிக்க: முதலாம் வரியில் "காத்திரு" என்னும் சொல்லை விட்டுவிட்டால் க ஓர் ஆமையன்று, அது வாக்குறுதி. வாக்குறுதிக்கு அகலம் என்னும் பண்பும் இல்லை, முன் என்னும் செயலும் இல்லை.

7. பல ஆமைகள்

ஆமை1, ஆமை2, ஆமை3 ஆகியவற்றின் படங்கள் வர முறையே 300, 500, 200 மில்லிசெக்கன் தேவை எனக் கொள்க.

ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்தால்: 300 + 500 + 200 = 1000 மில்லிசெக்கன்
மூன்றையும் ஒன்றாகத் தொடக்கி, எல்லாம் முடியும்வரை காத்திருந்தால்: 500 மில்லிசெக்கன் (மிகப் பெரிய பெறுமானம்)

பட்டியல் = காத்திரு அனைத்தும்(ஆமையை_ஆக்கு("யானை"), ஆமையை_ஆக்கு("மான்"), ஆமையை_ஆக்கு("மயில்"))

ஜாவாஸ்கிரிப்டில் இவ்வகைக் கட்டளையின் வருவிளைவு, நாம் கொடுத்த ஒழுங்கிலேயே இருக்கும். வந்து சேர்ந்த ஒழுங்கு பொருட்டன்று. மயில் முதலில் வந்தாலும் பட்டியலில் அது மூன்றாவதாகவே நிற்கும். ஆனால் மூன்றில் ஒன்று நிராகரிக்கப்பட்டாலும் முழுக் காத்திருப்பும் நிராகரிக்கப்படும். ஆகையால் படம் வராவிட்டால் செய்ய வேண்டியதையும் எழுதிவைத்தல் அவசியமாகும். சாதாரண ஆமை வடிவத்தைப் பயன்படுத்தல் ஒரு நல்ல மாற்று வழியாகும்.

ஓட்டப்போட்டியை நியாயமாக நடத்தும் வழியும் இதுவே. மூன்று ஆமைகளும் தயாரான பின்னர் ஒரே நேரத்தில் புறப்பட வேண்டும்.

நினைவிற் கொள்க
- ஆக்கி தொடக்கப் பெறுமானம் வழங்கும். அது காத்திருக்காது.
- பொருள் இருக்கிறது என்பதும் பொருள் தயாராக இருக்கிறது என்பதும் ஒன்றன்று.
- மாறிக்கு வழங்கப்பட்ட எண், மூலப் பண்பு மாறுவதால் மாறாது.
- நேரத்தை ஊகிக்காதீர்கள். நிகழ்வுக்காகக் காத்திருங்கள்.

பயிற்சி

1. பொருள் ஒன்று உருவாகும்போது தானாக இயங்குவது பின்வருவனவற்றுள் எது?
(1) வகுப்பு  (2) ஆக்கி  (3) வாக்குறுதி  (4) மீள்செய்கை

2. ஒழுங்கான அறுகோணி ஒன்றை வரைய ஆமை ஒவ்வொரு முறையும் திரும்ப வேண்டிய கோணம்
(1) 45 பாகை  (2) 60 பாகை  (3) 72 பாகை  (4) 120 பாகை

3. படம் வரும் முன் க.அகலம் 0. ப = க.அகலம் என்னும் வரி இயங்கிய பின் படம் வந்து, க.அகலம் 80 ஆகிறது. இப்போது ப இன் பெறுமானம்
(1) 0  (2) 40  (3) 80  (4) 160

4. நான்கு படங்கள் வர முறையே 150, 400, 250, 100 மில்லிசெக்கன் தேவை.
(அ) ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்தால் மொத்த நேரம் யாது?
(ஆ) ஒன்றாகத் தொடக்கி அனைத்திற்கும் காத்திருந்தால் மொத்த நேரம் யாது?
(இ) ஒவ்வோர் ஆமையும் தனது படம் "வந்ததும்" பட்டியலின் இறுதியில் சேர்க்கப்படுமாயின் பட்டியலில் ஆமைகளின் ஒழுங்கு யாது?
(ஈ) "300 மில்லிசெக்கன் காத்திரு" எனும் கட்டளையின் பின் தயாராக இராத ஆமை எது?

5. "ஆக்கியின் உள்ளே காத்திரு கட்டளையை இட முடியாது." காரணம் தருக.

விடைகள்

1. (2)
2. (2). 360 ÷ 6 = 60. அறுகோணியின் அகக்கோணமாகிய 120 ஐத் தெரிவுசெய்தல் பொதுவான தவறாகும்.
3. (1). ப இல் உள்ளது முன்னைய பெறுமானத்தின் பிரதி.
4. (அ) 150 + 400 + 250 + 100 = 900 மில்லிசெக்கன்
   (ஆ) 400 மில்லிசெக்கன்
   (இ) ஆமை4, ஆமை1, ஆமை3, ஆமை2. வந்து சேர்ந்த ஒழுங்கிலேயே சேர்வதால், கொடுத்த ஒழுங்கை நம்பி எழுதிய வரிகள் தவறான ஆமையை இயக்கும்.
   (ஈ) ஆமை2
5. ஆக்கியின் அழைப்பு பொருளை உடனே தர வேண்டும். ஒத்திசையாச் சார்பு தருவது வாக்குறுதி. ஓர் அழைப்பு இரண்டையும் தர முடியாது. எனவே காலம் எடுக்கும் வேலையைத் தொழிற்சாலைச் சார்பிற்கு மாற்ற வேண்டும்.

செயற்பாடு: பகுதி 4 இலுள்ள செய்நிரலைத் தாளில் எழுதி, படம் வர 400 மில்லிசெக்கனுக்குப் பதிலாக 2 மில்லிசெக்கனே தேவை எனக் கொண்டு அட்டவணையை மீண்டும் நிரப்புக. ப இன் பெறுமானம் மாறுகிறதா? வரி 2 இயங்கும் நேரத்துடன் ஒப்பிட்டு விடையை நீங்களே சரிபார்க்க.